கண்மாய் மீன்பாசி குத்தகை எடுக்க எவ்வளவு செலவாகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலூர் பக்கம் நான்கு பேர் கூட்டுச் சேர்ந்து இரண்டு முறை கண்மாய் குத்தகை எடுத்தோம். ஒரு முறை கையில் காசு நின்றது. இன்னொரு முறை போட்ட முதலே திரும்பவில்லை. அதிலிருந்து ஏல அறிவிப்பு வரும் நேரத்தில் தெரிந்தவர்களும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் வந்து இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். மதுரை மாவட்டத்துக் கண்மாய்களை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற மாவட்டங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் நிபந்தனைகளை அந்தந்த ஏல அறிவிப்பில் படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மீன்பாசி குத்தகை என்றால் எதற்குப் பணம் கட்டுகிறோம்? கண்மாயே நமக்கு வந்துவிடுமா?

வராது. அந்தக் கண்மாயில் மீன் வளர்த்துப் பிடித்துக்கொள்ளும் உரிமைக்கு மட்டும்தான் பணம். தண்ணீர் விவசாயிக்கு. கரையில் நிற்கிற கருவேல மரம் தனி, அதற்குத் தனி ஏலம் நடக்கும். கண்மாய்க்குள் இருக்கிற வண்டல் தனி, அதை அள்ள வேறு அனுமதி வேண்டும். மாடு தண்ணீர் குடிக்கும், பெண்கள் துணி துவைப்பார்கள், பிள்ளைகள் குளிப்பார்கள். இதில் எதையும் "நான் குத்தகைதாரர்" என்று சொல்லி நிறுத்த முடியாது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. கண்மாயை முழுதாக வாங்கிவிட்ட நினைப்பில் தொகையை ஏற்றிக் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் வாங்குவது மீன்பிடி உரிமை ஒன்றுதான். அதற்கு என்ன விலை பெறும் என்றுதான் கணக்குப் போட வேண்டும்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு யாரிடம் போய்க் கேட்பது?

ஆயக்கட்டைப் பொறுத்தது. நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத்துறையின் பொறுப்பு. 2021இல் பொதுப்பணித்துறையிலிருந்து பிரித்துத் தனித் துறை ஆக்கினார்கள். ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி. கண்மாய் என்றுதான் சொல்வார்கள். நூறு ஏக்கருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஊரணி, சின்னக் குட்டை எல்லாம் ஊராட்சி. கோயில் தெப்பம், கோயில் குளம் என்றால் அந்தக் கோயில் நிர்வாகம். சில நீர்நிலைகளை மீன்வளத்துறையே குத்தகைக்கு விடும்.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் வரும். ஆயக்கட்டு என்பது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற வயல்களின் பரப்பு. மீனுக்கு வேண்டியது நீர்ப்பரப்பு, அதாவது தண்ணீர் நிறைந்து நிற்கும்போது கண்மாய்க்குள் எத்தனை ஏக்கர் நனைகிறது என்பது. இரண்டும் ஒன்றல்ல. ஆயக்கட்டு 150 ஏக்கர் என்று அறிவிப்பில் இருப்பதைப் பார்த்து 150 ஏக்கருக்குக் குஞ்சு கணக்குப் போட்டுவிடாதீர்கள். நீர்ப்பரப்பு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அதிலும் மண்மேடு, சீமைக்கருவேலம், ஆகாயத்தாமரை மூடிய இடம் எவ்வளவு என்று ஒரு நடை நடந்து பார்த்துவிடுங்கள்.

ஏலத்தன்று கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

ஏலத்தில் கலந்துகொள்ளவே டேவணித் தொகை, அதாவது முன்பிணைப் பணம், கட்ட வேண்டும். பெரும்பாலும் டிடியாகக் கேட்பார்கள், எந்தப் பதவிப் பெயரில் எடுக்க வேண்டும் என்று அறிவிப்பில் இருக்கும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வாங்க மாட்டார்கள், அதனால் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டே வங்கியில் எழுதுங்கள். டிடி கமிஷன் தனி. மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளி என்றால் படிவத்துக்கும் ஒரு தொகை இருக்கும், அது திரும்ப வராது.

ஏலம் உங்கள் பெயரில் முடிந்துவிட்டால் அன்றைக்கே, அல்லது சொன்ன கெடுவுக்குள், குத்தகைத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். கெடு தவறினால் டேவணியும் போகும், மறு ஏலத்தில் தொகை குறைந்தால் அந்த வித்தியாசத்தையும் உங்களிடம் கேட்கும்படி நிபந்தனை இருக்கலாம். ஆகவே "டேவணியைக் கட்டிவிடுவோம், மிச்சத்தை அப்புறம் புரட்டிக்கொள்ளலாம்" என்று போகாதீர்கள். நீங்கள் எந்தத் தொகை வரைக்கும் கேட்கப்போகிறீர்களோ, அந்த முதல் வருடப் பணம் முழுதும் ஏலத்துக்கு முந்தின நாள் கணக்கில் இருக்க வேண்டும்.

பெரிய கண்மாய் என்றால் சொத்து மதிப்புச் சான்றும் கேட்கலாம். அது தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவது, நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் ஏலம் முடிந்துவிடும்.

போன தடவை எவ்வளவுக்குப் போனது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டீக்கடையில் கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். எடுத்தவர் குறைத்துச் சொல்வார், எடுக்க முடியாமல் போனவர் கூட்டிச் சொல்வார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது, 10 ரூபாய்தான் கட்டணம். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்தக் கண்மாயின் மீன்பாசி உரிமை கடந்த பத்து பசலிகளில் எவ்வளவு தொகைக்குக் குத்தகை விடப்பட்டது, எந்த வருடங்களில் ஏலம் போகவில்லை, எந்த வருடங்களில் குத்தகைதாரர் பாக்கி வைத்தார்" என்று அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு, அடுத்த கேள்வியில் சொல்கிறேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் நான் செய்த செலவிலேயே மிகவும் பயன்பட்டது இந்த 10 ரூபாய்தான். இரண்டாவது முறை குத்தகை எடுப்பதற்கு முன்னால் இப்படிக் கேட்டிருந்தால், நாங்கள் எடுத்த கண்மாய் பத்து வருடத்தில் நான்கு தடவை ஏலமே போகாமல் கிடந்தது என்று தெரிந்திருக்கும். பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

குத்தகை எத்தனை வருடம்? பசலி என்று எழுதியிருக்கிறதே?

பசலி ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்கி ஜூன் 30ஆம் தேதி முடியும். பசலி தொடங்குகிற ஆங்கில வருடத்திலிருந்து 590ஐக் கழித்தால் பசலி எண் வரும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. ஒரு பசலிக்கும் விடுவார்கள், பல பசலிகளுக்குச் சேர்த்தும் விடுவார்கள்.

கவனிக்க வேண்டியது தேதி. குத்தகைக் காலம் ஜூலையில் தொடங்கினாலும் ஏலம் நடந்து, உத்தரவு கைக்கு வர அக்டோபர் ஆகிவிட்டால் மூன்று மாதம் போயிற்று. அந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருப்பீர்கள். முடிவும் அப்படித்தான், ஜூன் 30க்கு மேல் ஒரு மீன் பிடித்தாலும் அது திருட்டுக் கணக்கில் போகும்.

பல வருடக் குத்தகையில் ஒவ்வொரு வருடமும் தொகை ஏறும்படி நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். வருடத்துக்குப் பத்து சதவீதம் ஏறும் என்றால், 1,00,000 ரூபாய்க்கு எடுத்தது இரண்டாம் வருடம் 1,10,000, மூன்றாம் வருடம் 1,21,000 ஆகும். முதல் வருடத் தொகையை மட்டும் மனதில் வைத்துக் கேட்டவர்கள் மூன்றாம் வருடம் விழிப்பார்கள்.

பத்திரச் செலவு யாருடையது?

குத்தகைதாரருடையது. பதிவுச் சட்டம் 1908இல் அசையாச் சொத்து என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கத்திலேயே மீன்பிடி உரிமையும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் முத்திரைத்தாள், பதிவு என்ற பேச்சு வருகிறது. சிறிய ஒரு வருடக் குத்தகையில் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதுவதோடு முடியும். நீண்ட காலம், பெரிய தொகை என்றால் எவ்வளவு முத்திரைத் தீர்வை, பதிவு உண்டா, வரி ஏதாவது சேருமா என்று ஏலத்துக்கு முன்னாலேயே அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டிய ஒவ்வொன்றுக்கும் செலான், ரசீது வாங்கி நகல் எடுத்து வைக்க வேண்டும். தெர்மல் தாளில் அச்சடித்த ரசீது நாளாக நாளாக வெளுத்துப்போகும்.

எத்தனை ரூபாய் வரைக்கும் கேட்கலாம்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

சரி, ஒரு கண்மாயைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். விலைகள் எல்லாம் கணக்குக்காகப் போட்டவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முறைதான் முக்கியம்.

நீர்ப்பரப்பு 40 ஏக்கர். ஏக்கருக்கு 800 குஞ்சு, மொத்தம் 32,000. குஞ்சு 2 ரூபாய் என்றால் 64,000. வண்டி வாடகை, ஆக்சிஜன் பை 8,000. காவலுக்கு ஓர் ஆள், மாதம் 9,000 வீதம் எட்டு மாதம், 72,000. தவிடு, பிண்ணாக்குக்கு 20,000. விட்ட குஞ்சில் நூற்றுக்கு நாற்பது தேறினால் 12,800 மீன். ஒவ்வொன்றும் 600 கிராம் என்றால் 7,680 கிலோ. வலை இழுக்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் வீதம் 1,53,600. கிலோ 90 ரூபாய்க்கு விற்றால் வரவு 6,91,200.

குத்தகை 60,000 என்றால் மொத்தச் செலவு 3,77,600. மிச்சம் 3,13,600. பார்க்க நன்றாக இருக்கிறது. ஏலத்தில் உட்கார்ந்திருக்கிற எல்லோர் மனதிலும் இந்தக் கணக்குதான் ஓடும். அதனால்தான் தொகை ஏறுகிறது.

இப்போது அதே கண்மாய்க்கு மழை பொய்த்த வருடத்தைப் பாருங்கள். குத்தகை 60,000 கட்டியாயிற்று. குஞ்சும் வண்டியும் 72,000. மூன்று மாதக் காவல் 27,000. தண்ணீர் வற்றும்போது கைக்குக் கிடைத்தது சின்ன மீனாக 1,000 கிலோ, கிலோ 60 ரூபாய் வீதம் 60,000. பிடித்த கூலி 20,000. நட்டம் 1,19,000.

மூன்று வருடத்தில் இரண்டு நல்ல வருடம், ஒரு கெட்ட வருடம் என்று வைத்தால் 5,08,200 ரூபாய் நிற்கும். நான்கு பேர் பங்கு என்றால் ஆளுக்கு 1,27,050. மூன்று வருட உழைப்புக்கு அவ்வளவுதான், இருந்தாலும் நட்டமில்லை.

இதே கண்மாயை வீம்புக்கு ஏற்றிக் கேட்டு வருடம் 2,50,000க்கு எடுத்திருந்தால்? நல்ல வருடத்தில் மிச்சம் 1,23,600. கெட்ட வருடத்தில் நட்டம் 3,09,000. இரண்டு நல்ல வருடம் சேர்ந்தாலும் 2,47,200தான். ஒரே ஒரு வறட்சி இரண்டு வருட லாபத்தையும் தின்றுவிட்டு, மேலே 61,800 கடனும் வைக்கும்.

ஆகவே உச்சத் தொகையைக் கெட்ட வருடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். "இந்த வருடம் ஒரு மீன்கூடக் கிடைக்காவிட்டாலும் இந்தத் தொகையை இழந்து என் வீடு நிற்குமா?" என்று கேட்டு, நிற்கும் என்று தோன்றுகிற தொகையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். ஏலத்தில் எதிராளி முறைப்பார், உங்கள் பக்கத்து ஆள் "இன்னொரு ஐயாயிரம் கேளுப்பா" என்று இடிப்பார். தாளில் இருக்கிற தொகையைத் தாண்டியதும் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் அந்த இரண்டாம் முறை எழுந்து வரவில்லை.

தண்ணீர் வராவிட்டால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலான ஏல நிபந்தனைகளில் "தண்ணீர் இல்லை, வெள்ளத்தில் மீன் போய்விட்டது, மீன் செத்துவிட்டது என்ற காரணங்களுக்காகக் குத்தகைத் தொகையில் கழிவு கேட்க முடியாது" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடும்போது அதற்கும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

அதனால் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் குத்தகை மதிப்பில் பாதி. கள்ளந்திரி வரைக்கும் பெரியாறு பாசனத்தில் இருபோகம், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். வைகை அணையில் தண்ணீர் இருந்தால் இந்தக் கண்மாய்களுக்குக் கால்வாய் வழியாக வரத்து இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாய்க் கண்மாய்கள் வேறு கதை. வைகை அணையில் தேக்கக்கூடிய முழு நீர்மட்டம் 71 அடி, நீர்மட்டம் 67 அடியைத் தொட்டால்தான் அந்தக் கால்வாயில் தண்ணீர் ஏறும். எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை அந்த மட்டம் வருகிறது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், விரல் விட்டுச் சொல்வார்கள். திருமங்கலம், பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மழையை நம்பின கண்மாய்கள் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறும் கரம்பைதான்.

வரத்துக் கால்வாயை நடந்து பாருங்கள். அணையில் தண்ணீர் இருந்தும் கால்வாய் தூர்ந்து, மேலே இருக்கிற கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் கீழே வரும் என்ற நிலை பல ஊர்களில் இருக்கிறது. சங்கிலித் தொடரில் உங்கள் கண்மாய் எத்தனையாவது என்று தெரிந்துகொண்டு தொகை சொல்லுங்கள்.

நகரத்தை ஒட்டிய கண்மாய்களில் தண்ணீர் வருடம் முழுதும் நிற்பது போலத் தெரியும். அந்தத் தண்ணீரில் எவ்வளவு சாக்கடை என்று பார்க்க வேண்டும். கோடையில் சூடேறி ஆக்சிஜன் குறைந்தாலோ, முதல் மழையில் கழிவு அடித்துக்கொண்டு வந்தாலோ ஒரே இரவில் மீன் மிதந்துவிடும். செத்த மீனை அள்ளிப் புதைக்கிற கூலியும் உங்களுடையதுதான்.

மீனுக்காக மடையை அடைத்துத் தண்ணீரை நிறுத்தலாமா? மீன் பிடிக்கத் தண்ணீரை வெளியேற்றலாமா?

இரண்டும் கூடாது. மடையைத் தொடக்கூடாது. கலுங்கில் (நிறைந்த தண்ணீர் வழிந்து போகும் இடம்) மண்மூட்டை அடுக்குவதும், தண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கிற மாதிரி வலை கட்டுவதும் குத்தகை ரத்தாகிற அளவுக்குப் போகும். வெடி போட்டோ விஷம் கலந்தோ மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். கோழிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மாடும் மனிதரும் இறங்குகிற தண்ணீரில் அதைச் செய்ய மனம் வருவது எனக்குப் புரியவில்லை.

குஞ்சு எங்கே வாங்குவது? என்ன விடலாம்?

வைகை அணையில் அரசு மீன்பண்ணை இருக்கிறது. மதுரையில் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சொல்லி வைத்தால் எப்போது கிடைக்கும் என்று சொல்வார்கள். மழை தொடங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், ஆகவே முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். தனியார் பண்ணையில் வாங்கினால் எண்ணிக்கையை நம்பாமல் ஒரு பையைப் பிரித்து எண்ணிப் பாருங்கள்.

கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூன்றும் கலந்து விட்டால் ஒன்றின் தீனிக்கு ஒன்று போட்டியில்லை. ஏழெட்டு மாதம் மட்டும் தண்ணீர் நிற்கிற கண்மாய்க்குச் சின்னக் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். விராலுக்கும் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் அது இரையாகும், மிஞ்சியதும் எடை ஏறுவதற்குள் தண்ணீர் வற்றிவிடும். விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சு விலை கூடினாலும் அதுதான் லாபம். விடியற்காலையில் கொண்டுவந்து, பையைக் கட்டோடு கால் மணி நேரம் கண்மாய்த் தண்ணீரில் மிதக்க விட்டு, சூடு சமமான பிறகு அவிழ்த்து விடுங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை விடவே கூடாது. நாடு முழுதும் தடை செய்யப்பட்ட மீன். மறுகாலில் தப்பித்துப் போனால் கீழ்க் கண்மாய்களில் இருக்கிற நாட்டு மீனையும் தின்று தீர்த்துவிடும்.

அரசுக்குக் கட்டிய பிறகு ஊருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்கிறார்களே?

சட்டப்படி அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு, ஊர்ப்பொதுவுக்கு என்று ஒரு தொகை பேசுவார்கள், ரசீது கிடையாது. இதை எதிர்பாராமல் போனால் கணக்கு உதைக்கும்.

இதைவிடப் பெரியது அழிகண்மாய். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் அறுவடை முடிந்து தண்ணீர் வற்றுகிற கோடையில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினதும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் கச்சா, ஊத்தா (அடி திறந்த மீன்கூடை), வலை என்று கையில் கிடைத்ததோடு இறங்குவார்கள். பிடித்த மீனை விற்க மாட்டார்கள், அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன்குழம்புதான். சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே சேற்றில் இறங்குகிற நாள். அடுத்த வருடம் மழை பெய்யும், விளையும் என்ற நம்பிக்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. நானும் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து போய், ஊத்தாவுக்குள் கைவிட்டுக் கெளுத்தி முள் குத்தி அழுதிருக்கிறேன். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

எங்களுக்கு நடந்தது இது. இரண்டாம் முறை எடுத்த கண்மாயில் அந்த வழக்கம் உண்டு என்று தெரிந்தும், குத்தகை இருக்கிற வருடத்தில் செய்ய மாட்டார்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஊரில் உட்கார்ந்து பேசவில்லை. சித்திரையில் ஒரு விடியற்காலை காவல்காரர் ஓடிவந்து சொன்னபோது கண்மாய்க்குள் ஆயிரம் தலை தெரிந்தது. போலீஸுக்குப் போகலாம் என்று கூட்டாளி ஒருவர் சொன்னார். யார் மேல் புகார் கொடுப்பது? இறங்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள்.

ஆகவே டேவணி கட்டுவதற்கு முன்னால் ஊர்க்கூட்டத்தில் பேசுங்கள். "பங்குனி கடைசிக்குள் எங்கள் வலையை எடுத்துவிடுகிறோம், அப்புறம் கண்மாய் உங்களுடையது" என்று தேதி குறித்துப் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அந்தக் கடைசி மீனின் மதிப்பைக் கணக்கில் கழித்துவிட்டே ஏலம் கேளுங்கள். பல ஊர்களில் திருவிழாவுக்காகவே கண்மாயைக் குத்தகைக்கு விடாமல் வைத்திருக்கிறார்கள். அங்கே போய் ஏலம் வையுங்கள் என்று மனுப் போட வேண்டாம்.

"அண்ணே, நாங்கள் பன்னிரண்டு பேர் மகளிர் குழு. பெரிய ஆட்களோடு போட்டி போட முடியுமா?"

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா இதைக் கேட்டார். அந்தப் பெண்களில் பலர் வேறு குத்தகைதாரர்களுக்கு மீன் பொறுக்கி, தரம் பிரித்துக் கூலி வாங்குகிறவர்கள். தொழில் முழுதும் தெரியும், டேவணிக்குத்தான் பணம் இல்லை.

பெரிய கண்மாயில் போட்டி போடாதீர்கள் என்றுதான் சொன்னேன். ஊரணி, ஒன்றியக் கண்மாய் போல சிறியதில் தொடங்கலாம். அறிவிப்பில் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ குழுக்களுக்கோ முன்னுரிமை இருக்கிறதா என்று பாருங்கள். காவல் செலவு ஊர்ப் பெண்களுக்குப் பெரிதாக இருக்காது, முறை வைத்துக் கரையில் இருந்தால் போதும். என் கணக்கில் 72,000 ரூபாய் அதற்குத்தான் போனது. வெளியூர்க் குத்தகைதாரருக்கு இல்லாத பலம் இது. ஊர்ப்பொதுப் பேச்சும் உங்கள் வீட்டுக்காரர்களோடுதான்.

வலை இழுத்துப் பிழைக்கிறவர்கள் கையிலேயே மீன்பாசி உரிமை இருக்க வேண்டும் என்பது என் ஆசை. தொகையை ஏற்றிவிட்டு, பிறகு கிலோவுக்கு இவ்வளவு என்று கூலியைக் குறைக்கிற ஏலம் அவர்களுக்கு எதிராகத்தான் முடிகிறது.

கடன், மானியம், இன்சூரன்ஸ்?

மீன் வளர்ப்பவர்களுக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் வட்டி 4 சதவீதத்துக்கு வரும். குஞ்சு, தீனி போன்ற நடைமுறைச் செலவுக்கு அது. கந்துவட்டிக்கு வாங்கி டேவணி கட்டுவதைவிட எவ்வளவோ மேல். குத்தகை உத்தரவும் ரசீதும் கேட்பார்கள்.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். ஐஸ் பெட்டியோடு இருசக்கர வாகனம், புதுக் குளம் வெட்டுவது மாதிரியானவை அதில் வரும். ஏலத்தொகைக்கு மானியம் கிடையாது. அதே திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடும் உண்டு, இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், பிரீமியத்தை அரசே கட்டும். வலை இழுக்கிறவர்கள் பெயரை மறக்காமல் பதியுங்கள். சேற்றில் சிக்கி உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

மீனை எங்கே விற்பது?

மாட்டுத்தாவணி மொத்த மார்க்கெட்டுக்கு அனுப்பினால் ஐஸ், வண்டி, ஏற்றுக்கூலி, கமிஷன் எல்லாம் கழிந்துதான் கைக்கு வரும். கரையிலேயே உயிர்மீனாக விற்றால் விலை கூடுதல், செலவு குறைவு. ஒரே நாளில் ஆயிரம் கிலோ பிடித்துவிட்டுத் திண்டாடாமல், ஞாயிறு காலை நூறு கிலோ, புதன் காலை ஐம்பது கிலோ என்று பிடியுங்கள். தண்ணீர் இருக்கிற வரைக்கும் கண்மாயே உங்கள் ஐஸ் பெட்டி.

டேவணி எப்போது திரும்ப வரும்?

ஏலம் கிடைக்காதவர்களுக்குச் சீக்கிரம் திரும்பிவிடும். கிடைத்தவர்களுக்குக் குத்தகைக் காலம் முடிந்து, பாக்கி எதுவும் இல்லை, கரைக்கோ மடைக்கோ சேதமில்லை என்று எழுதி வந்த பிறகுதான். அதுவாகவே வந்து சேராது, மனு எழுதிக் கேட்க வேண்டும். எங்களுடையதைக் கேட்கப் போனபோது முதல் வருடச் செலானைக் காணவில்லை. அலுவலகத்தில் பதிவேடு தேடி எடுக்கவே பதினோரு மாதம் ஆனது, அதற்குள் கூட்டாளிகள் நால்வரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டோம். செலான் கடைசியில் வலை மூட்டைக்குள் இருந்தது.

ஒரு கோப்பு வாங்கி, அசலை ஒருவர் வீட்டிலும் நகலை இன்னொருவர் வீட்டிலும் வையுங்கள். ஜூலை பிறந்ததும் முதல் வேலையாக மனுவைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள்.